கோப்பு எழுதியவர் மீது ஒரு கோப்பு: ஓட்டோ ஒட்டெப்கா வழக்கு

1963 ஜூன் 27 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வாஷிங்டன் தலைமையகத்தில் ஓட்டோ ஒட்டெப்கா என்ற அதிகாரியை மேலதிகாரி ஜான் ரெய்லி கூப்பிட்டு, இனி உங்கள் பொறுப்பு உங்களுடையதில்லை என்று சொன்னார். கோப்புகள் இருந்த பெட்டகங்களின் பூட்டு எண்கள் மாற்றப்பட்டன. பழைய அறைக்குள் அவர் நுழையக் கூடாது என்றானது. பாதுகாப்பு அலுவலகத்தின் கையேட்டைத் திருத்தி எழுதுவதுதான் புதிய வேலை. நம்மூர் அரசு அலுவலகங்களில் இதை 'டம்மி போஸ்டிங்' என்பார்கள். சம்பளம் வரும், நாற்காலி இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

அதுவரை அவர் செய்துவந்தது சாதாரண வேலை கிடையாது. வெளியுறவுத் துறையில் யாரை நம்பி ரகசியக் கோப்பைக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மதிப்பிட்டு எழுதும் பிரிவின் தலைவர் அவர். துறை முழுவதையும் சல்லடை போட்டவரையே துறை சல்லடை போட்டது. தொலைபேசியில் ஒட்டுக் கேட்டார்கள், குப்பையைக் கிளறினார்கள், பெட்டகத்தைத் துளைத்தார்கள். அமெரிக்க வலதுசாரிகளுக்கு அவர் தியாகி. தாராளவாதிகளுக்கு, 1950-களில் அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகச் சொல்லி வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தி காலத்தின் மிச்சம். இந்த இரண்டு பட்டங்களையும் ஒதுக்கிவிட்டு, அலுவலக நடைமுறை என்ற ஒரே கோணத்தில் இந்த வழக்கைப் பார்க்க விரும்புகிறேன். பாடம் இருப்பது அங்கேதான்.

கடைநிலைப் பணியிலிருந்து தலைமைக்கு

ஒட்டெப்கா 1915-ல் சிகாகோவில் பிறந்தார். அப்பா செக் நாட்டிலிருந்து குடியேறிய கொல்லர். 1936-ல் அரசு வேலைக்கு வந்தபோது கிடைத்தது அலுவலகங்களுக்கிடையே தபால் சுமக்கும் கடைநிலைப் பணி. மாலைநேரத்தில் சட்டம் படித்து, வருமான வரித் துறை வழியாகக் குடிமைப் பணி ஆணையத்தில் புலனாய்வாளர் ஆனார். போர்க்காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு மறுபடி ஆணையத்துக்கே திரும்பினார். 1953-ல் வெளியுறவுத் துறையின் பாதுகாப்பு அலுவலகம் அவரை எடுத்துக்கொண்டது. விரைவிலேயே மதிப்பாய்வுப் பிரிவுத் தலைவர், 1957-ல் அலுவலகத்தின் துணை இயக்குநர். மறு ஆண்டு, வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் கையெழுத்திட்ட பாராட்டு விருதும் கிடைத்தது.

அவர் உள்ளே வந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1953 ஏப்ரலில்தான் அதிபர் ஐசன்ஹோவர் 10450 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். அதுவரை ஊழியர் விசுவாசமானவரா என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஆணைக்குப் பிறகு, அவரை வேலையில் வைத்திருப்பது தேசப் பாதுகாப்புக்குத் தெளிவாக ஒத்துப்போகிறதா என்று கேள்வி மாறியது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. துரோகம் செய்தார் என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. குடிப்பழக்கம், கடன், யாரோடு பழகுகிறார், உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், இதெல்லாம் கணக்கில் வந்தன. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அரசுக்கு, ஊழியருக்கு இல்லை.

அந்த ஆணையின் பேரில் பலர் வாழ்க்கை சிதைந்தது. ஓரினச் சேர்க்கையாளர் என்ற காரணத்துக்காக வெளியுறவுத் துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், கம்யூனிஸ்ட் தொடர்பு என்று வெளியேற்றப்பட்டவர்களைவிட அதிகம். சீனத்தை நேரில் அறிந்திருந்த ஜான் பேட்டன் டேவிஸ் போன்ற தூதரக அதிகாரி, பல விசாரணைகளில் தப்பித்த பிறகும் 1954-ல் நீக்கப்பட்டார். அவருக்குப் பாதுகாப்பு அனுமதி திரும்பக் கிடைத்தது 1969-ல். ஒட்டெப்காவுக்கு நடந்ததைச் சொல்லும்போது இவர்களை மறந்துவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை.

மதிப்பாய்வு என்றால் என்ன

அனுமதி வழங்குவது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்த வழக்கு புரியாது. விண்ணப்பதாரர் தன் வாழ்க்கை விவரங்களை நீண்ட படிவத்தில் நிரப்புவார். மத்திய அமைப்புகளின் பதிவேடுகளில் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். முக்கியமான பதவி என்றால் முழுக் கள விசாரணை உண்டு. புலனாய்வாளர்கள் பழைய முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரி ஆசிரியர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பார்கள். வருகிற வாக்குமூலங்கள் சிலவற்றில் சொன்னவர் பெயர் இருக்காது, வெறும் குறியீடுதான். மொட்டைக் கடிதமும் அதில் சேர்ந்திருக்கும்.

இந்தக் கட்டுதான் மதிப்பாய்வாளர் மேசைக்கு வரும். அவர் விசாரிப்பவரும் இல்லை, தீர்ப்புச் சொல்பவரும் இல்லை. எது நம்பகமானது, எது வம்பு, எது பழைய கதை, எது இன்னும் உயிரோடு இருக்கிற கேள்வி என்று பிரித்து, ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் ஏற்கலாம், மறுக்கலாம். அவசரம் என்றால், விசாரணை முடிவதற்கு முன்பே ஒருவரை வேலைக்குச் சேர்க்க அமைச்சரே விலக்கு அளித்துக் கையெழுத்திடலாம்.

ஆக, மதிப்பாய்வாளரின் முழு அதிகாரமும் அவர் எழுதும் குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை என்றால் அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒட்டெப்கா இந்த வேலையில் கெட்டிக்காரர் என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. எண்ணற்ற கோப்புகளின் விவரம் அவருக்கு மனப்பாடம்.

அவரை வெறும் வேட்டைக்காரராகச் சித்திரிப்பவர்கள் வுல்ஃப் லடெஜின்ஸ்கி கோப்பைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் நிலச் சீர்திருத்தத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் லடெஜின்ஸ்கி. ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த யூதர். சகோதரிகள் சோவியத் மண்ணில் இருந்தார்கள். அம்டோர்க் என்ற சோவியத் வணிக நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருந்தார். 1954 கடைசியில் வேளாண் துறை அமைச்சர் எஸ்ரா டாஃப்ட் பென்சன், இவர் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி வேலையை விட்டு எடுத்தார். அதே மனிதரை, அதே விவரங்களைப் பார்த்து, வெளியுறவுத் துறை ஏற்கனவே அனுமதித்திருந்தது. அந்த மதிப்பாய்வில் ஒட்டெப்காவின் கையும் இருந்தது. உறவினர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து ஒரு மனிதரை எடைபோட முடியாது என்ற நிதானம் அந்தக் கோப்பில் தெரிகிறது. லடெஜின்ஸ்கியை உடனே வேறொரு துறை எடுத்துக்கொண்டு வியட்நாமுக்கு அனுப்பியது. பிற்பாடு அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் குத்தகை விவசாயிகளின் நிலையை நேரில் ஆராய்ந்து எழுதிய அறிக்கை, நம் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் காகிதத்தில் எப்படி இருந்தன, வயலில் எப்படி இருந்தன என்பதை அப்பட்டமாகச் சொன்னது. வேளாண் துறையின் முடிவே கடைசி முடிவாகியிருந்தால் அந்த அறிக்கையை எழுத அவர் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆட்சி மாறியது

1960 டிசம்பர். கென்னடி தேர்தலில் வென்று பதவியேற்கக் காத்திருந்த நேரம். அடுத்த வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க்கும், கென்னடியின் தம்பி ராபர்ட்டும் ஒட்டெப்காவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பொருளாதாரப் பேராசிரியர் வால்ட் ராஸ்டோவுக்கு வெளியுறவுத் துறையில் பதவி தர விருப்பம், அனுமதி விரைவாகக் கிடைக்குமா என்பது கேள்வி. வழக்கமான முழு நடைமுறை இல்லாமல் முடியாது என்று தாம் பதில் சொன்னதாக ஒட்டெப்கா பிற்பாடு கூறினார். ராஸ்டோவ் வெள்ளை மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார், ஓராண்டு கழித்து வெளியுறவுத் துறைக்கே வந்தார்.

இந்த ஒரு சந்திப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒட்டெப்காவின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகைக்கு உண்மையான காரணம் அன்றாட வேலையில் இருந்தது. புதிய ஆட்சிக்கு ஆட்கள் வேகமாகத் தேவைப்பட்டார்கள். ஐசன்ஹோவர் காலத்தில் அபூர்வமாக வழங்கப்பட்ட விலக்கு, ரஸ்க் காலத்தில் நூற்றைம்பதைத் தாண்டியது. சில விலக்குகளில் முன்தேதி இடப்பட்டிருந்ததையும் ஒட்டெப்கா கண்டுபிடித்தார். ஆள் வேலையில் சேர்ந்த பிறகு கையெழுத்து வாங்கி, சேர்வதற்கு முன்பே வாங்கியதுபோலத் தேதி போடுவது! இதைச் சாதாரணக் குமாஸ்தா தவறு என்று எளிதாகக் கடந்துவிடலாம். கோப்பைப் பிற்பாடு படிக்கும் ஒருவருக்கு, எப்போது யார் என்ன தெரிந்துகொண்டு முடிவெடுத்தார் என்பதைச் சொல்ல அந்தத் தேதியை விட்டால் வேறு எதுவும் இல்லை. தேதியைத் திருத்தினால் பொறுப்பே மறைந்துவிடும். இந்தப் புள்ளியில் நான் முழுக்க ஒட்டெப்கா பக்கம்.

அப்புறம் வில்லியம் வீலண்ட் கோப்பு. காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்த காலத்தில் வெளியுறவுத் துறையில் கியூபா உள்ளிட்ட கரீபியன் பகுதியைக் கவனித்தவர் வீலண்ட். அவரைப் பற்றி ஒட்டெப்கா எழுதிய மதிப்பாய்வு பாதகமானது. மேலே இருந்தவர்கள் அதை ஏற்காமல் வீலண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1962 ஜனவரியில் கென்னடியின் பத்திரிகையாளர் சந்திப்பில் சாரா மெக்லெண்டன் என்ற செய்தியாளர், பாதுகாப்புக்கு ஆபத்தானவர்கள் என்று சொல்லி வீலண்டின் பெயரை எடுத்தார். கென்னடி அங்கேயே மறுத்தார். ஒரு ஊழியரின் பாதுகாப்புக் கோப்பில் இருக்கிற சந்தேகம் தேசியத் தொலைக்காட்சியில் பெயரோடு வெளிவருவது என்பது, அந்தக் கோப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் செய்யும் அநியாயம். வீலண்ட் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.

இதற்குள் ஒட்டெப்காவின் நாற்காலி சுருங்க ஆரம்பித்திருந்தது. 1961 நவம்பரில் ஆட்குறைப்பு என்ற பெயரில் துணை இயக்குநர் பதவி ஒழிக்கப்பட்டது. அவர் பழைய பிரிவுத் தலைவர் பதவிக்கு இறங்கினார். 1962-ல் ரெய்லி மேலதிகாரியாக வந்தார். தேசியப் போர்க் கல்லூரியில் படிக்கப் போகிறீர்களா என்று ஒட்டெப்காவிடம் கேட்கப்பட்டது. கௌரவமான வாய்ப்பு, ஆனால் திரும்பி வரும்போது பழைய இடம் இருக்குமா என்பது உறுதியில்லை. அவர் மறுத்துவிட்டார். மரியாதையாக வெளியே அனுப்பும் வழி அடைபட்டதும், வேறு வழி தேட ஆரம்பித்தார்கள்.

கம்பி, குப்பைப் பை, ரிப்பன்

செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு அப்போது வெளியுறவுத் துறையின் அனுமதி நடைமுறைகளை விசாரித்துக்கொண்டிருந்தது. தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், முதன்மை வழக்கறிஞர் ஜே சோர்வைன். ஒட்டெப்கா அங்கே சாட்சியம் சொன்னார். ரெய்லியும் சாட்சியம் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சொன்னதை நிரூபிக்க முடியுமா என்று சோர்வைன் கேட்க, ஒட்டெப்கா நீண்ட விளக்கக் குறிப்பு எழுதி ஆவணங்களையும் சேர்த்துக் கொடுத்தார். ஆவணங்கள் சில, சர்வதேச அமைப்புகளுக்கு ஆள் தேர்வு செய்வது பற்றிய ஆலோசனைக் குழுவின் நியமனங்கள் தொடர்பானவை. முன்தேதி விவகாரம் கிளம்பிய இடமும் அதுதான்.

செனட்டுக்குத் தகவல் போகிறது என்று ரெய்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1963 மார்ச்சில் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் எல்மர் ஹில், ஒட்டெப்கா மேசையில் இருந்த தொலைபேசியைத் திறந்தார். உள்ளே பயன்படாமல் கிடந்த உபரிக் கம்பிகளை இணைத்து, அவற்றைத் தன் பிரிவின் ஆய்வகத்துக்குச் செல்லும் இணைப்போடு சேர்த்தார். தொலைபேசிக் கருவியே ஒட்டுக் கேட்கும் கருவியானது.

அலுவலகக் குப்பையும் தப்பவில்லை. ரகசிய ஆவணங்களைக் கையாளும் அலுவலகங்களில் கிழித்த தாள், கார்பன், பழைய ரிப்பன் எல்லாம் தனிப் பைகளில் போடப்பட்டு எரிக்கப்படும். ஒட்டெப்காவின் அறையிலிருந்து போன பைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக் கிளறினார்கள். ஒரு தட்டச்சு ரிப்பனில் பதிந்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, செனட் துணைக்குழு ரெய்லியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒட்டெப்கா தயாரித்துக் கொடுத்திருக்கிறார் என்று கண்டார்கள். அவருடைய பெட்டகத்தைத் துளைத்தும் திறந்தார்கள்.

கேள்வி தயாரித்துக் கொடுத்தது சரியா? என் பதில், சரியில்லை என்பதுதான். சாட்சியம் சொல்வது ஒரு அரசு ஊழியரின் கடமை. தன் மேலதிகாரியை மடக்குவதற்கான கேள்விகளை எழுதிக் கொடுப்பது வழக்காடுபவர் வேலை. அந்த இடத்தில் ஒட்டெப்கா மதிப்பாய்வாளர் என்ற தன் நிலையை விட்டு இறங்கிவிட்டார். ஆனால் அதற்கான பதில் ஒரு விளக்கக் கடிதம் கேட்பது, பிறகு துறை விசாரணை. தொலைபேசியைத் திறப்பதற்கும் பெட்டகத்தைத் துளைப்பதற்கும் எந்த நியாயமும் இல்லை.

இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. ஜூலை, ஆகஸ்டில் துணைக்குழு முன் ஹில், ரெய்லி, இன்னொரு அதிகாரி டேவிட் பெலிஸ்லி மூவரும் சத்தியப் பிரமாணத்தின் பேரில், ஒட்டெப்காவின் தொலைபேசியை ஒட்டுக் கேட்டது பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற பொருளில் சொன்னார்கள். நவம்பரில் மூவரும் தங்கள் சாட்சியத்தை 'விரிவாக்கி'க் கடிதம் அனுப்பினார்கள். கம்பி இணைத்தது உண்மைதான், ஆனால் இரைச்சலால் உரையாடல் எதுவும் பயன்படும்படி கிடைக்கவில்லை என்றது அந்த விரிவாக்கம். பிற்பாடு அதுவும் நிற்கவில்லை. பல உரையாடல்கள் பதிவாகியிருந்தன. ஒலிநாடாவை ரெய்லி சொன்னபடி நடைபாதையில் தனக்குத் தெரியாத ஒருவரிடம் கொடுத்ததாக ஹில் சொன்னார். அந்த ஆள் யார் என்பது தெரியவரவே இல்லை. ரெய்லியும் ஹில்லும் 1963 நவம்பரிலேயே ராஜினாமா செய்தார்கள். பொய்ச் சாட்சியத்துக்காக யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை.

பதின்மூன்று குற்றச்சாட்டுகள்

1963 செப்டம்பர் 23 அன்று ஒட்டெப்காவுக்குச் சார்ஜ் மெமோ வந்தது. அதில் 13 குற்றச்சாட்டுகள். மூன்று, செனட் வழக்கறிஞரிடம் ஆவணம் கொடுத்தது பற்றியவை. மற்ற பத்தும், ரகசிய முத்திரைகளை ஆவணங்களிலிருந்து வெட்டி எடுத்தது, முறையில்லாமல் ரகசிய நிலையை நீக்கியது என்று ஆவணச் சிதைப்பு பற்றியவை. இவற்றுக்கான ஆதாரம் அந்த எரிப்புப் பைகளில் கிடைத்த துண்டுகள். நான் வெட்டவில்லை, பைக்குள் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றார் ஒட்டெப்கா. நவம்பர் 5 அன்று பணிநீக்க உத்தரவு வந்தது. காரணம், வெளியுறவுத் துறை அதிகாரிக்குத் தகாத நடத்தை. கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் அன்றே செனட்டில் எழுந்து கண்டித்தார். கென்னடியின் கட்சிக்காரர்தான் அவர்.

சட்டப்படி பார்த்தால் இரண்டு பக்கமும் கையில் ஒரு தாள் இருந்தது. ஊழியர்களின் விசுவாசக் கோப்புகளை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதிபர் ட்ரூமன் 1948 மார்ச்சில் போட்ட உத்தரவு துறையின் கையில் இருந்தது. ஒட்டெப்கா காட்டியது 1912-ன் லாய்ட்–லா ஃபாலட் சட்டம். நாடாளுமன்றத்திடம் முறையிடவும் அதற்குத் தகவல் தரவும் அரசு ஊழியருக்கு இருக்கிற உரிமையைப் பறிக்க முடியாது என்கிறது அது. ட்ரூமன் உத்தரவுக்கும் நல்ல காரணம் இருந்தது. பெயர் தெரியாதவர்கள் சொன்ன அவதூறுகள் நிறைந்த கோப்புகள் அரசியல்வாதிகள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஏற்கனவே பார்த்திருந்தது. ஆவணம் கொடுத்த மூன்று குற்றச்சாட்டுகளும் விவாதத்துக்கு உரியவை என்பதே என் மதிப்பீடு. நியாயமான அதிகாரிகள் அதில் இரு பக்கமும் நிற்கலாம்.

பத்துக் குற்றச்சாட்டுகளின் கதை வேறு. ஒட்டெப்கா மேல்முறையீடு செய்ததால் பணிநீக்கம் நிலுவையில் நின்றது. விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தனி அறையில், நாடாளுமன்றப் பதிவேட்டைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலையோடு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். 1967 ஜூனில் ஒரு வழியாக விசாரணை தொடங்கியபோது அந்தப் பத்தையும் துறையே கைவிட்டது. அவருடைய பெயரைக் கெடுத்தவை அவைதான். ரகசிய ஆவணத்தைக் கத்தரித்தவர் என்ற செய்தி நாடு முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகு, நிரூபிக்க வேண்டிய நாள் வந்ததும் ஓசையில்லாமல் விட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்த மூன்றின் பேரில் 1967 டிசம்பரில் ரஸ்க் முடிவு சொன்னார். பணிநீக்கம் இல்லை, கண்டனமும் ஒரு படி தரம் இறக்கமும். பாதுகாப்பு வேலைக்குத் திரும்பவும் இடமில்லை. 1963-லேயே இதைத் தந்திருந்தால் கடுமையானது, ஆனால் புரிந்துகொள்ளக்கூடியது என்று சொல்லியிருப்பேன். நான்கு ஆண்டுகள் ஒருவரை மூலையில் உட்கார வைத்த பிறகு வருகிற தண்டனைக்கு அந்த மரியாதையைக் கொடுக்க முடியவில்லை.

ஒட்டெப்காவுக்காக வாதாடிய வழக்கறிஞர் ரோஜர் ராப். 1954-ல் அணு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியைப் பறித்த விசாரணையில் அணுசக்தி ஆணையத்துக்காக ஓப்பன்ஹைமரைக் குறுக்கு விசாரணை செய்தவரும் அவரேதான். அந்த விசாரணையில் ராப் பார்த்த ரகசிய ஆவணங்கள் பலவற்றை ஓப்பன்ஹைமரின் வழக்கறிஞருக்குக் காட்டவில்லை. ஓப்பன்ஹைமரையும் முன்பு ஒட்டுக் கேட்டிருந்தார்கள். தனக்குக் காட்டப்படாத ஆதாரத்துக்கு எதிராக ஒருவர் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வது என்ற கேள்வி இரண்டு வழக்கிலும் ஒன்றுதான். ஒட்டெப்கா மதிப்பிட்ட கோப்புகளில் இருந்த முகம் தெரியாத மனிதர்களுக்கும் அதே கேள்விதான். 'பாதுகாப்பு' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் சாதாரண நியாயத்தின் விதிகள் ஓய்வெடுக்கலாம் என்று அவருடைய துறை பழகியிருந்தது. அந்தப் பழக்கம் அவரைக் கண்டதும் விலகிப் போகவில்லை.

நிக்சன் தந்த பதவி

1968 தேர்தல் பிரசாரத்தில் ஒட்டெப்காவுக்கு நீதி கிடைக்கச் செய்வேன் என்று நிக்சன் சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் அவருடைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் பழைய வேலையைத் திருப்பித் தர மறுத்தார். மாற்றாக, கம்யூனிஸ்ட் அமைப்புகளை அடையாளம் காண அமைக்கப்பட்ட நாசவேலைத் தடுப்புக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆண்டுக்கு 36,000 டாலர் சம்பளத்தில் உறுப்பினர் பதவி கிடைத்தது. வழக்குச் செலவுக்கு அவருக்குக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி ஜான் பிர்ச் சொசைட்டி என்ற தீவிர வலதுசாரி அமைப்போடு தொடர்புள்ளவர்களிடமிருந்து வந்தது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியதால் செனட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 1969 ஜூனில் 61-க்கு 28 என்ற வாக்கில் நியமனம் உறுதியானது. வாரியத்துக்கு ஏற்கனவே வேலை கிடையாது. நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தன. 1973-ல் மூடப்பட்டது. கோப்பு படிப்பதில் அவ்வளவு தேர்ந்த ஒருவரின் கடைசி அரசுப் பணி அதில் கழிந்ததை வீண் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் ஓய்வுக்காலத்தைக் கழித்து 2010-ல் 94 வயதில் காலமானார்.

அதன் பிறகு

அனுமதி மறுக்கப்பட்டவரின் நிலை மெதுவாகத்தான் கொஞ்சம் மேம்பட்டது. 1988-ல் கடற்படைத் துறைக்கும் ஈகன் என்பவருக்கும் நடந்த வழக்கில், பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமையில்லை, அதை மறுத்தது சரியா என்று வெளியார் மறு ஆய்வு செய்வதற்கும் இடமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1995-ல் கிளின்டன் பிறப்பித்த 12968 எண் ஆணை, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும் மேல்முறையீட்டுக்கும் வழி செய்தது. 2012-ல் ஒபாமாவின் உத்தரவு, முறைகேட்டை வெளிப்படுத்தியவரைப் பழிவாங்க அவருடைய அனுமதியைப் பறிப்பதைத் தடை செய்தது.

மதிப்பாய்வு எழுதுபவரின் நிலைதான் பெரிதாக மாறவில்லை. வெள்ளை மாளிகையின் பணியாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் பல ஆட்சிகளில் 18 ஆண்டுகள் வேலை பார்த்த ட்ரிஷியா நியூபோல்ட் 2019-ல் நாடாளுமன்றக் கீழவையின் மேற்பார்வைக் குழுவிடம் வந்தார். தானும் சக ஊழியர்களும் அனுமதி மறுத்த 25 பேருக்கு, டிரம்ப் ஆட்சியின் மேலதிகாரிகள் அந்த முடிவைப் புரட்டி அனுமதி கொடுத்ததாகச் சொன்னார். ஜனவரியில் அவரைச் சம்பளமில்லாமல் 14 நாள் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். குள்ளமான உடல்வாகு கொண்ட அவருக்கு எட்டாத உயரத்தில் கோப்புகளைத் தூக்கி வைத்தார்கள் என்பதும் அவருடைய புகாரில் இருக்கிறது. இந்த முறை அவரை ஆதரித்தது ஜனநாயகக் கட்சி, சந்தேகித்தது குடியரசுக் கட்சி. 1963-ல் வலதுசாரிகளும் தாராளவாதிகளும் நின்ற இடங்கள் இப்போது மாறியிருந்தன.

மேலதிகாரிக்குப் புரட்டும் அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு யாரை வைத்து வேலை வாங்குவது என்பதை ஒரு பிரிவுத் தலைவர் தீர்மானிக்க முடியாது. ஒட்டெப்கா இதைப் போதுமான அளவு ஏற்றுக்கொண்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் புரட்டுபவர், ஏன் புரட்டுகிறேன் என்று சொந்தக் கையெழுத்தில், உண்மையான தேதியோடு, அதே கோப்பில் எழுத வேண்டும். மதிப்பாய்வாளருக்கு அதில் உடன்பாடில்லை என்றால், அந்த ஒரு கோப்பை மட்டும், இரு கட்சி உறுப்பினர்களும் உள்ள சிறு குழு மூடிய அறையில் பார்க்கும்படி அனுப்ப எழுதப்பட்ட வழி வேண்டும். அப்படி ஒரு வழி 1963-ல் இருந்திருந்தால் சோர்வைனிடம் ஆவணம் கொண்டுபோக ஒட்டெப்காவுக்குத் தேவை வந்திருக்காது, கொண்டுபோனார் என்று குற்றம் சாட்ட ரெய்லிக்கு வாய்ப்பும் கிடைத்திருக்காது. நியூபோல்டும் 25 பெயர்களைத் தானே பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டி வந்திருக்காது.